பியோங்யாங்கில் புள்ளி எழுத்து கற்பித்த மருத்துவர்: ரொசெட்டா ஹாலின் வாழ்வும் பணியும்

மாற்றுத் திறனாளிச் சிறார்கள் பயிலும் பள்ளிகளில் தொண்டாற்றுவதற்காக, திருச்சபைகளின் சார்பிலும் கிறிஸ்தவத் தொண்டு அமைப்புகளின் சார்பிலும் ஆண்டுதோறும் பலர் வெளிநாடுகளுக்குச் செல்கின்றனர். சிலர் இரண்டு வாரங்கள் தங்குகின்றனர், சிலர் ஓராண்டு வரை தங்குகின்றனர். அவர்கள் நாடு திரும்பிய பின்னர் அந்தச் சிறார்களிடம் என்ன எஞ்சுகிறது என்ற கேள்வி, இத்தகைய தொண்டு குறித்த விவாதங்களில் தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது.

இந்தக் கேள்வியை ஆராய்வதற்குக் கொரியாவின் அனுபவம் உதவக்கூடும். கொரியாவில் சிறப்புக் கல்விக்கும் பெண்களுக்கான மருத்துவக் கல்விக்கும் வித்திட்டவர்களில் ஒருவராக நினைவுகூரப்படுபவர் ரொசெட்டா ஷெர்வுட் ஹால். 1890 ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து அவர் ஒரு மருத்துவராகவே அங்கு அனுப்பப்பட்டார். பெண்களுக்கு மருத்துவம் பார்ப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. விழிப்புலனற்ற குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் வேலையை அவர் தாமாகவே மேற்கொண்டார். அவரது முதல் முயற்சி சில வாரங்களிலேயே தடைப்பட்டது என்பதும், அது வேரூன்றுவதற்கு மேலும் நான்கு ஆண்டுகள் பிடித்தன என்பதும் இங்கு கவனிக்கத்தக்கவை.

இந்தியா மீதான விருப்பம்

ரொசெட்டா 1865 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நியூயோர்க் மாநிலத்தின் லிபர்ட்டி என்ற ஊரில் பிறந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சில காலம் பள்ளியில் கற்பித்தார். இந்தியாவில் ஆண் மருத்துவர்களிடம் செல்ல இயலாத பெண்கள் சிகிச்சையின்றித் துன்புறுகிறார்கள் என்பதை விளக்கிய உரை ஒன்றைக் கேட்டதே அவரை மருத்துவம் பயிலத் தூண்டியது. பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அவர், 1889 ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற பின்னர் நியூயோர்க் நகரின் வறிய மக்கள் வாழும் பகுதியில் இயங்கிய ஒரு மிஷன் மருந்தகத்தில் பணியாற்றினார். அங்கு அவர் கனடாவைச் சேர்ந்த மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் ஹாலைச் சந்தித்தார். இருவரும் மணம் புரிய உறுதி பூண்டனர். எனினும் மெதடிஸ்த திருச்சபையின் பெண்கள் வெளிநாட்டு மிஷன் சங்கம் ரொசெட்டாவைக் கொரியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. 1890 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அவர் தனியாகவே சோல் நகரை வந்தடைந்தார்.

அப்போது கொரியாவைச் சோசன் அரச வம்சம் ஆண்டு வந்தது. 1882 ஆம் ஆண்டு அமெரிக்காவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பின்னரே அந்நாடு மேற்குலகுக்குத் தன் கதவுகளைத் திறந்திருந்தது. வெளிநாட்டவர் குழந்தைகளைக் கடத்துகின்றனர் என்ற வதந்தி 1888 ஆம் ஆண்டு சோல் நகரில் பெரும் பதற்றத்தை ஏற்படுத்தியிருந்தது. இத்தகைய சூழலில், 1887 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பெண்கள் மருத்துவமனையின் பொறுப்பு இருபத்தைந்து வயதே நிரம்பிய ரொசெட்டாவிடம் வந்து சேர்ந்தது. அவருக்கு முன்னர் அங்கு பணிபுரிந்த மருத்துவர் உடல்நலம் குன்றி நாடு திரும்பியிருந்தார்.

தொடக்கம் முதலே உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவிப்பதில் ரொசெட்டா நாட்டம் காட்டினார். மிஷன் பள்ளியில் பயின்ற கிம் ஜொம்-டொங் என்ற மாணவி அவருக்கு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, பின்னர் மருத்துவ உதவியாளராக உயர்ந்தார். எஸ்தர் பார்க் என்ற பெயரால் அறியப்படும் இவரே மேற்கத்திய மருத்துவத்தில் பட்டம் பெற்ற முதல் கொரியப் பெண் ஆவார்.

போரும் முதல் மாணவியும்

வில்லியம் ஹால் 1891 ஆம் ஆண்டின் இறுதியில் கொரியா வந்தார். 1892 ஆம் ஆண்டு ஜூன் மாதம் இருவருக்கும் திருமணம் நடைபெற்றது. வடபகுதியின் முக்கிய நகரான பியோங்யாங்கில் மிஷன் பணியைத் தொடங்கும் பொறுப்பு வில்லியமுக்கு அளிக்கப்பட்டது. 1894 ஆம் ஆண்டு மே மாதம் ரொசெட்டாவும் கைக்குழந்தையான மகன் ஷெர்வுட்டுடன் அங்கு சென்றார். அவர்கள் சென்ற சில நாட்களிலேயே உள்ளூர் அதிகாரிகள் கிறிஸ்தவ மதத்தைத் தழுவியவர்களைப் பிடித்துச் சிறையிலிட்டு வதைத்தனர்.

அவர்களுக்கு உதவியாக இருந்தவர்களுள் ஒருவர் ஓ சொக்-ஹியொங். அவருடைய மகள் போங்-நே விழிப்புலனற்றவர். அந்தச் சிறுமிக்கு எழுத்தறிவிக்க ரொசெட்டா முனைந்தார். எண்ணெய் பூசிய தடித்த கொரியக் காகிதத்தில் ஊசியால் குத்தி எழுத்துகளின் வடிவை மேடாக்கி, அதனை விரலால் தடவி உணரச் செய்தார். கொரியாவில் விழிப்புலனற்றோருக்கான நவீனக் கல்வி இதிலிருந்தே தொடங்குவதாகக் கருதப்படுகிறது.

ஆனால் அந்த முயற்சி நீடிக்கவில்லை. தென்பகுதியில் டொங்ஹக் விவசாயிகளின் கிளர்ச்சி மூண்டிருந்தது. அதனைத் தொடர்ந்து சீனாவும் ஜப்பானும் கொரிய மண்ணில் மோதிக்கொண்டன. ஹால் குடும்பத்தினர் சோல் திரும்ப நேர்ந்தது. செப்டம்பர் மாதம் பியோங்யாங்கில் பெரும் போர் நடந்தது. போருக்குப் பின் அந்நகருக்கு மீண்ட வில்லியம், காயமுற்றோருக்கும் நோயுற்றோருக்கும் சிகிச்சை அளித்தபோது டைபஸ் காய்ச்சலுக்கு ஆளாகி, நவம்பர் 24 ஆம் தேதி சோலில் காலமானார். திருமணமாகி இரண்டரை ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், கருவுற்றிருந்த ரொசெட்டா ஒரு வயது மகனுடன் அமெரிக்கா திரும்பினார். 1895 ஆம் ஆண்டு ஜனவரியில் அவருக்கு எடித் மார்கரெட் என்ற மகள் பிறந்தார்.

மொழிக்கு ஏற்ற எழுத்து

அவர் கொரியாவுக்குத் திரும்பாமலே இருந்திருந்தாலும் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். போங்-நேயின் கல்வியும், நல்லெண்ணத்தால் தொடங்கிப் பாதியில் நின்றுபோன பல முயற்சிகளுள் ஒன்றாக முடிந்திருக்கும். ஆயினும் அமெரிக்காவில் கழித்த மூன்றாண்டு காலத்தை அவர் இரண்டு முக்கிய பணிகளுக்குப் பயன்படுத்தினார்.

முதலாவதாக, தம்முடன் அழைத்துச் சென்றிருந்த எஸ்தர் பார்க்கை மருத்துவக் கல்விக்குத் தயார்ப்படுத்தினார். எஸ்தர் பால்டிமோர் நகரின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1900 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். மனைவியின் படிப்புக்காக உடலுழைப்பில் ஈடுபட்டு வந்த அவரது கணவர் பார்க் யு-சான், அவர் பட்டம் பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் காசநோயால் உயிரிழந்தார்.

இரண்டாவதாக, விழிப்புலனற்றோருக்குக் கற்பிக்கும் முறையை ரொசெட்டா முறையாகப் பயின்றார். எழுத்தின் வடிவையே மேடாக்கிக் காட்டும் தமது பழைய முறை, விரைவாகப் படிக்கவும் சுயமாக எழுதவும் உதவாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அக்காலத்தில் அமெரிக்காவில் பிரெய்ல் முறைக்குப் போட்டியாக, வில்லியம் பெல் வெயிட் என்பவர் உருவாக்கிய நியூயோர்க் புள்ளி முறை பரவலாகப் பயன்பட்டது. பிரெய்ல் எழுத்துக்கு மூன்று வரிசைகள் தேவை. நியூயோர்க் முறையில் இரண்டு வரிசைகளே உண்டு, எழுத்தின் அகலம் மட்டும் தேவைக்கேற்ப மாறும். இந்த முறையை ரொசெட்டா கொரிய மொழியின் ஒலிகளுக்கு ஏற்ப மாற்றியமைத்தார்.

கொரிய மொழிக்கு உரிய ஹங்குல் எழுத்து 1446 ஆம் ஆண்டு மன்னர் செஜொங்கால் வெளியிடப்பட்டது. ஆனால் கற்றறிந்தோர் பல நூற்றாண்டுகளாகச் சீன எழுத்தையே பெரிதும் மதித்தனர். பெண்களும் எளிய மக்களும் பயன்படுத்துவது என்று ஹங்குல் தாழ்வாகக் கருதப்பட்டது. குறைந்த எண்ணிக்கையிலான எழுத்துகளைக் கொண்டு, ஒலிகளை நேரடியாகக் குறிக்கும் அந்த முறையே புள்ளி எழுத்துக்கு மிகவும் பொருந்தி வந்தது. ஆங்கிலத்தைக் கற்பித்து அதன் வழியாகக் கல்வி புகட்டுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கலாம். அந்த வழியை அவர் தேர்ந்தெடுக்காததே அவரது பணி நிலைத்ததற்கு முக்கிய காரணம் எனலாம்.

1897 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இரு குழந்தைகளுடன் அவர் கொரியா திரும்பினார். கணவரின் நினைவாக, அவர் திரட்டிய நிதியின் உதவியுடன் எழுப்பப்பட்ட மருத்துவமனை அவ்வாண்டே பியோங்யாங்கில் திறக்கப்பட்டிருந்தது. 1898 ஆம் ஆண்டு மே மாதம் அவர் அந்நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு சென்ற சில வாரங்களில் மூன்று வயது மகள் எடித் வயிற்றுப்போக்கு நோயால் இறந்தாள். மகளின் நினைவாக அவர் குழந்தைகளுக்கான மருத்துவப் பிரிவு ஒன்றை அமைத்தார்.

அதே ஆண்டில் போங்-நேயின் படிப்பும் மீண்டும் தொடங்கியது. எழுத்து அறிமுக நூல் ஒன்றையும் விவிலியத்தின் பத்துக் கட்டளைகளையும் ரொசெட்டா புள்ளி எழுத்தில் தம் கையாலேயே குத்தித் தயாரித்திருந்தார். அச்சிறுமி அவற்றைப் படிக்கவும், பின்னர் தானே எழுதவும் கற்றுக்கொண்டாள்.

தனித்து வைக்கப்படாத மாணவிகள்

விழிப்புலனற்ற ஒரு பெண் படிக்கிறாள் என்ற செய்தி பரவியதும், வேறு குடும்பத்தினரும் தமது பெண் குழந்தைகளை அழைத்து வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பியோங்யாங்கின் மிஷன் பெண்கள் பள்ளியில் அவர்களுக்கென ஒரு வகுப்பு உருவானது. அங்கு புள்ளி எழுத்தைத் தனியாகக் கற்ற மாணவிகள், மற்றப் பாடங்களைப் பார்வையுள்ள மாணவிகளுடன் ஒரே வகுப்பில் அமர்ந்து பயின்றனர்.

இது அக்காலத்தில் வழக்கத்துக்கு மாறானது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விழிப்புலனற்ற குழந்தைகளைத் தனி விடுதிப் பள்ளிகளில் சேர்ப்பதே பொது நடைமுறையாக இருந்தது. ஒன்றிணைந்த கல்வி என்ற கருத்து ஐக்கிய நாடுகள் சபை 2006 ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் இடம்பெற்றிருப்பதை எண்ணிப் பார்க்கையில், பியோங்யாங் வகுப்பறையின் முக்கியத்துவம் புலப்படும்.

போங்-நே பின்னாளில் ஆசிரியையாகித் தன்னைப் போன்ற பிள்ளைகளுக்குக் கற்பித்தார். உதவி பெற வந்த சிறுமி உதவி அளிப்பவராக மாறியதுடன், வெளிநாட்டவரின் தனிப்பட்ட முயற்சியாக இருந்த கல்வி உள்ளூர் மக்களின் கைக்கு மாறத் தொடங்கியது.

செவிப்புலனற்ற பிள்ளைகளின் விடயத்திலும் ரொசெட்டா இதே வழியைப் பின்பற்றினார். சீனாவின் சீஃபூ துறைமுக நகரில் அனெட்டா தொம்சன் மில்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி செவிப்புலனற்றோர் பள்ளி ஒன்றை நடத்தி வந்தார். ஈ இக்-மின் என்ற கொரியரைப் பயிற்சிக்காக அங்கு அனுப்பி வைத்த ரொசெட்டா, 1909 ஆம் ஆண்டு பியோங்யாங்கில் செவிப்புலனற்ற மாணவர்களுக்கான வகுப்பைத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து ஆசிரியர்களை வரவழைப்பதற்குப் பதிலாக, அண்டை நாட்டில் பயிற்சி பெற்ற கொரியர் ஒருவரை அவர் நம்பினார். 1914 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கொரியா, சீனா, ஜப்பான் ஆகிய நாடுகளில் இத்துறையில் பணியாற்றியோர் கூடிய மாநாடு ஒன்று பியோங்யாங்கில் நடைபெறவும் அவர் வழிவகுத்தார்.

பாளையங்கோட்டையில் இன்றும் அறியப்படும் விழிப்புலனற்றோர் பள்ளியும் செவிப்புலனற்றோர் பள்ளியும் ஏறத்தாழ இதே காலகட்டத்தில் ஆங்கிலேய மிஷனரிப் பெண்களால் தொடங்கப்பட்டவை என்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவுகூரலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆசியாவின் பல பகுதிகளிலும் ஒரே வேளையில் எழுந்த ஒரு போக்கின் பகுதியாகவே ரொசெட்டாவின் பணியையும் காண வேண்டும்.

விமர்சனத்துக்குரிய பக்கங்கள்

இந்தப் பணியை மதமாற்ற நோக்கத்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. சிறுமிகள் முதன்முதலில் படித்தவற்றில் பத்துக் கட்டளைகளும் அடங்கியிருந்தன என்பதே இதற்குச் சான்று. மருத்துவமும் கல்வியும் நற்செய்தி பரப்பும் வழிகள் என்று மிஷன் அமைப்புகள் வெளிப்படையாகவே கருதின. மேற்கத்திய வல்லரசுகளின் ஒப்பந்தங்கள் அளித்த பாதுகாப்பும் அவர்களுக்கு இருந்தது.

கொரியச் சமூகம் விழிப்புலனற்றோருக்கு எந்த இடத்தையும் அளிக்கவில்லை என்று கருதுவதும் தவறாகும். சோசன் காலத்தில் அரசவை இசைக்குழுவில் விழிப்புலனற்ற கலைஞர்கள் பணியாற்றினர். குறி சொல்வதும் தீய ஆவிகளை ஓட்டும் சடங்குகளை நடத்துவதும் அவர்களது மரபான தொழில்களாக இருந்தன. அத்தொழில்களைச் செய்தோருக்கு எனச் சங்கங்களும் இருந்தன. மிஷனரிகள் இவற்றை மூடநம்பிக்கை என ஒதுக்கினர். அதன் மூலம் விழிப்புலனற்றோர் தாமாகவே அமைத்துக்கொண்டிருந்த ஒரு வாழ்வாதாரத்தின் மதிப்பை அவர்கள் குறைத்து மதிப்பிட்டனர் என்ற விமர்சனத்தைப் புறந்தள்ள முடியாது. அதே வேளையில், குறி சொல்லும் தொழிலுக்கு அப்பால் வேறொரு வாழ்வு சாத்தியம் என்ற தெரிவை எழுத்தறிவு அப்பிள்ளைகளுக்கு வழங்கியது என்பதும் உண்மையே.

செவிப்புலனற்றோர் கல்வியிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 1880 ஆம் ஆண்டு மிலான் நகரில் நடைபெற்ற மாநாட்டைத் தொடர்ந்து, சைகை மொழியைத் தவிர்த்து வாய்ப்பேச்சுப் பயிற்சிக்கு முதலிடம் அளிக்கும் போக்கு உலகெங்கும் மேலோங்கியிருந்தது. அதனால் பல நாடுகளில் செவிப்புலனற்றோரின் இயல்பான மொழி பல தலைமுறைகளுக்குப் பின்தள்ளப்பட்டது. கொரிய சைகை மொழிக்குத் தென்கொரியாவில் 2016 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டத்தின் மூலம் அங்கீகாரம் கிடைத்தது.

கைமாறிய பணி

1910 ஆம் ஆண்டு ஜப்பான் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அதே ஆண்டு எஸ்தர் பார்க் காசநோயால் காலமானார். 1913 ஆம் ஆண்டு குடியேற்ற அரசு சோலில் விழிப்புலனற்றோருக்கும் செவிப்புலனற்றோருக்குமான கல்விப் பிரிவொன்றைத் தொடங்கியது. அங்கு ஆசிரியராக இருந்த பார்க் டு-சொங் என்ற கொரியர், ரொசெட்டாவின் புள்ளி எழுத்தில் குறைபாடு இருப்பதைக் கண்டார். கொரிய அசையின் முதலில் வரும் மெய்யையும் இறுதியில் வரும் மெய்யையும் அது போதிய அளவு வேறுபடுத்திக் காட்டவில்லை. அவர் தமது மாணவர்களுடன் சேர்ந்து ஆறு புள்ளிகளைக் கொண்ட பிரெய்ல் முறையில் புதிய கொரிய எழுத்தை உருவாக்கி, 1926 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளியிட்டார். ஜப்பானிய மொழிக்கு முன்னுரிமை அளிக்கப்பட்ட ஒரு காலத்தில் இது நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இன்று கொரியர்கள் பயன்படுத்துவது பார்க் டு-சொங்கின் முறையை அடிப்படையாகக் கொண்ட எழுத்தையே. ரொசெட்டா உருவாக்கிய எழுத்து வழக்கொழிந்துவிட்டது. இதனை அவரது தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. வெளியிலிருந்து வந்தவர் அளித்த கருவியின் குறையை அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் கண்டறிந்து, அதைவிடச் சிறந்த ஒன்றை உருவாக்கும் நிலை அங்கு ஏற்பட்டிருந்தது. தென்கொரியாவில் 2016 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் பிரெய்ல் எழுத்துக்கு ஹங்குலுக்கு இணையான தகுதியை வழங்கியது.

ரொசெட்டா 1917 ஆம் ஆண்டு சோல் நகருக்கு இடம் மாறினார். பெண்களுக்கென மருத்துவக் கல்லூரி ஒன்று கொரியாவில் அமைய வேண்டும் என்பது அவரது நெடுநாள் விருப்பமாக இருந்தது. 1928 ஆம் ஆண்டு, தமது அறுபத்து மூன்றாவது வயதில், கொரிய மருத்துவத் தம்பதியரான கில் ஜொங்-ஹுய், கிம் தக்-வொன் ஆகியோரின் ஒத்துழைப்புடன் பெண்கள் மருத்துவப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1933 ஆம் ஆண்டு அவர் நாடு திரும்பியபோது அந்த நிறுவனத்தின் பொறுப்பு அத்தம்பதியரிடம் சென்றது. கொரியா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி தனது தொடக்கத்தை இந்த நிறுவனத்திலிருந்தே கணக்கிடுகிறது.

அவரது மகன் ஷெர்வுட்டும் மருத்துவராகி, எஸ்தர் பார்க்கின் உயிரைப் பறித்த காசநோய்க்கு எதிரான பணியில் ஈடுபட்டார். 1928 ஆம் ஆண்டு ஹேஜு நகரில் காசநோய் மருத்துவமனை ஒன்றை அவர் நிறுவினார். 1940 ஆம் ஆண்டு ஜப்பானிய அதிகாரிகள் அவர் மீது உளவுக் குற்றம் சுமத்தியதை அடுத்து, கொரியாவைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதன் பின்னர் 1963 ஆம் ஆண்டு வரை அவர் இந்தியாவின் அஜ்மீர் அருகேயுள்ள மதார் காசநோய் மருத்துவமனையில் பணியாற்றினார். தாயை மருத்துவத்தின்பால் ஈர்த்த நாட்டில் மகன் இரண்டு தசாப்தங்களுக்கும் மேலாகச் சேவை செய்தார்.

இன்றைய தொண்டர்களுக்கு

ரொசெட்டா ஹால் 1951 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் தேதி நியூஜெர்சி மாநிலத்தில் காலமானார். அப்போது கொரியப் போர் உச்சத்தில் இருந்தது. அவரது உடற்சாம்பல் சோல் நகரில் ஹான் ஆற்றங்கரையோரம் உள்ள யாங்வாஜின் கல்லறைத் தோட்டத்தில், கணவரும் மகளும் உறங்கும் இடத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பள்ளியைத் தொடங்கிய பியோங்யாங் நகரம் எல்லைக்கு அப்பால் வடகொரியாவின் தலைநகராக உள்ளது.

நாற்பத்து மூன்று ஆண்டுகளை ஒரு நாட்டுக்கு அளிப்பது எல்லோருக்கும் இயலாது. குறுகிய காலத் தொண்டு அனைத்தும் வீண் என்றும் கூறிவிட முடியாது. 1894 ஆம் ஆண்டு பியோங்யாங்கில் ரொசெட்டா இருந்ததும் சில வாரங்களே. ஆனால் தமது முறை போதாது என்பதை உணர்ந்து, தேவையான அறிவைத் தேடிக் கற்று, அதனை அந்தப் பிள்ளைகளின் மொழிக்கு மாற்றி, கற்பிக்கும் வேலையை அந்நாட்டவரிடமே ஒப்படைத்ததால் அச்சில வாரங்கள் பயனற்றுப் போகவில்லை.

புலம்பெயர்ந்த தமிழர்கள் பலரும் இன்று தமது தாயகத்திலுள்ள சிறப்புப் பள்ளிகளுக்கு நிதி அனுப்புகின்றனர். கோடை விடுமுறையில் நேரில் சென்று தொண்டாற்றுவோரும் உள்ளனர். அங்குள்ள ஆசிரியர் ஒருவரின் பயிற்சிக்கு இந்த உதவி வழிசெய்கிறதா, அப்பிள்ளைகள் தமது மொழியில் படிப்பதற்குரிய நூல்கள் கிடைக்கின்றனவா என்பவை ஒவ்வொரு பயணத்துக்கு முன்னரும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். ஊசியும் தடித்த காகிதமும் கொண்டு போங்-நேயின் கல்வியைத் தொடங்கிய ரொசெட்டாவும் இதே கேள்விகளுக்கே விடை தேட வேண்டியிருந்தது.